கோப்பையைத் தூக்கியது யார்?

அம்பாங்கில் எல்.ஆர்.டி. தண்டவாளம் முடிகிற இடத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு மாமாக் கடை. சனிக்கிழமை இரவு. திரையில் பந்தாட்டம் தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பக்கத்து மேசையில் இருந்தவர் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர். தன் தே ஓ ஐஸ் லீமாவ் கிளாஸைக் காலி செய்துவிட்டு எங்கள் பக்கம் நகர்த்தினார்.

“தம்பி, இந்தக் கிளாஸோட உயரம் கூடவா, வாயைச் சுத்தி அளந்தா கூடவா?”

நெட்டைக் கிளாஸ். உயரம்தான் என்றேன். நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். மேசையில் இருந்த டிஷ்யூப் பெட்டியை இழுத்து, அதன் மேல் கிளாஸைத் தூக்கி வைத்தார். “இப்ப மேசையிலேருந்து அளப்போம். இப்பவும் உயரம்தானா?” இப்போது சிரிப்பே வந்துவிட்டது. ஒரு வெள்ளித் தாளை எடுத்து வைத்தேன். அவர் எழுந்து கல்லாப் பக்கம் போனார். புங்குஸ் கட்டுகிற இளஞ்சிவப்பு ரஃபியாக் கயிற்றில் ஒரு முழம் வாங்கி வந்தார். கிளாஸின் வாயைச் சுற்றினார், நகத்தால் குறித்தார், அந்த நீளத்தை மேசையிலிருந்து மேலே பிடித்தார். கயிறு கிளாஸின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரற்கடை நின்றது.

படிவம் இரண்டில் வட்டம் படித்தவன்தான் நானும். வாயின் குறுக்களவு 8 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 25. கிளாஸ் 14, பெட்டி 8, இரண்டும் சேர்ந்தால் 22. கணக்கு தலைக்குள் இருந்தது. கண் அதைக் கேட்கவில்லை. நிற்கிற நீளத்தைக் கண் கூட்டிப் பார்க்கும். வளைகிற நீளத்தைக் குறைத்துப் பார்க்கும்.

அந்த ஒரு வெள்ளியை அவர் திருப்பித் தரவில்லை. ஆனால் பந்தாட்டம் முடிந்து நாங்கள் எழுந்தபோது எங்கள் மேசையின் கணக்கையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போயிருந்தார். நான் பார்த்தது விளையாட்டா, சூதாட்டமா, மோசடியா? மூன்றுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது? சட்டத்துக்கு ஒரு பதில் இருக்கிறது, மதத்துக்கு ஒன்று, வித்தைக்காரனுக்கு ஒன்று, உளவியல்காரருக்கு ஒன்று. இந்தக் கட்டுரை அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறது.

முதலில் இடம். ஆங்கிலேயர் இதை மதுக்கடைப் பந்தயம் என்பார்கள். நம்மவர்களுக்கு அந்த இடத்தில் இருந்தது தோட்டத்துக் கள்ளுக்கடை. சம்பள நாளில் அங்கே கைமாறிய பந்தயங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் கதைகளில் சிரிப்பும் உண்டு, பட்டினியும் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் போன்றோரின் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூடு என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். கூலி எங்கே கரைகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று அந்த மேசை மாமாக் கடைக்கு வந்துவிட்டது. கள்ளுக்குப் பதில் தே தாரிக்.

அம்பாங்குக்கோ பந்தயம் பிறவியிலேயே ஒட்டியது. அணை என்ற பொருள்தரும் மலாய்ச் சொல்லில் பிறந்தது இந்தப் பெயர். 1857இல் ராஜா அப்துல்லா ஈயம் தேட அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்றின் கூடுதுறையில் இறங்கி, காட்டு வழியே இங்கே வந்தார்கள். ஒரு மாதத்தில் காய்ச்சல் கொண்டுபோனது போக மிஞ்சியவர்கள் 18 பேர் என்று வரலாற்று நூல்கள் கணக்குச் சொல்கின்றன. உயிரையே வைத்து ஆடிய ஆட்டம் அது. பின்னால் கோலாலம்பூரை எழுப்பிய யாப் ஆ லோய் சந்தைத் திடலில் சூதாட்டக் கொட்டகைகளையும் வைத்திருந்தார்.

மேசைக்கு வருவோம். பந்தய வித்தைகளுக்குக் கருவி வேண்டும். அந்தக் கருவி கடையில் தானாகக் கிடப்பதாக இருக்க வேண்டும். முன்பு தீக்குச்சியும் சிகரெட் பெட்டியும் அந்த வேலையைச் செய்தன. 2019 ஜனவரி 1 முதல் மலேசிய உணவகங்களில் புகைபிடிக்கத் தடை வந்தது. நுரையீரலுக்கு நல்ல காலம், தீக்குச்சிப் புதிர்களுக்குக் கெட்ட காலம். ஆனால் பல்குத்தும் குச்சி இருக்கிறது. 21 குச்சிகளைப் பரப்புங்கள். ஆளுக்கு ஒரு முறை ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம். கடைசிக் குச்சி யார் கையில் வருகிறதோ அவர் தோற்றார். வித்தை தெரிந்தவர் மிகுந்த மரியாதையோடு “நீங்களே முதல்ல எடுங்கண்ணே” என்பார். அந்த மரியாதைதான் பொறி. நீங்கள் ஒன்று எடுத்தால் அவர் மூன்று எடுப்பார், இரண்டு எடுத்தால் இரண்டு, மூன்று எடுத்தால் ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு போகும். ஐந்து சுற்றில் இருபது தீர்ந்து, கடைசி ஒன்று உங்கள் முன்னால் தனியாகக் கிடக்கும். இந்த ஆட்டத்தின் மூத்த உறவான ‘நிம்’ என்ற ஆட்டத்தை ஹார்வர்டு கணித ஆசிரியர் சார்லஸ் பூட்டன் 1901இல் முழுவதும் அவிழ்த்து எழுதிவிட்டார். எழுதி நூறாண்டுக்கு மேலாகியும் கடையில் அது செல்லுபடியாகிறது.

ஒரு வெள்ளித் தாள் வித்தை இதைவிட எளிது, இதைவிடக் கொடூரம். தாளை நீளவாக்கில் தொங்கப் பிடித்து, அதன் நடுப்பகுதியில் உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் திறந்து வைக்கச் சொல்வார்கள். “விடுறேன், பிடிச்சா தாள் உங்களுக்கு.” பிடிக்கவே முடியாது. தாளின் நீளம் 12 சென்டிமீட்டர். கீழ்ப்பாதி ஆறு சென்டிமீட்டரைக் கடக்க அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஒன்பதில் ஒரு பங்கு. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் மூட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆகும். ஐம்பது வெள்ளித் தாள் சற்றே நீளம், அதுவும் தப்பித்துவிடும். ஆகவே துணிந்து பெரிய தாளைத் தொங்கவிடுகிற ஆளைப் பார்த்து ‘இவனுக்குக் காசின் அருமை தெரியவில்லை’ என்று எண்ண வேண்டாம். அவருக்கு நியூட்டன் தெரியும்.

பிறந்தநாள் பந்தயத்துக்கு மலேசியாவைப் போல வசதியான நாடு வேறு இருக்காது. ஒரு கூட்டத்தில் 23 பேர் இருந்தால், அவர்களில் இரண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்க வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். 30 பேர் என்றால் நூற்றுக்கு எழுபது. கேட்பவர்கள் 365 நாள் இருக்கிறதே என்று எண்ணி எதிர்ப்பக்கம் காசு வைப்பார்கள். அவர்கள் எண்ணுவது ஆட்களை. எண்ண வேண்டியது சோடிகளை. 23 பேரில் 253 சோடிகள். பல நாடுகளில் பிறந்தநாளை வாய்வார்த்தையாகத்தான் நம்ப வேண்டும். இங்கே மைகார்டின் முதல் ஆறு எண்களே பிறந்த ஆண்டு, மாதம், நாள். கையை விட்டு எடுத்துக் காட்டினால் முடிந்தது. அதே அட்டையை வைத்து இன்னொரு வேடிக்கையும் நடக்கும்: எண்ணை மட்டும் கேட்டுவிட்டு “நீங்க பேராக்குல பொறந்தவர், ஆம்பளை” என்று சோதிடம் சொல்வது. ஏழாம் எட்டாம் எண் 08 என்றால் பேராக், 10 என்றால் சிலாங்கூர், 14 என்றால் கோலாலம்பூர். கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். நண்பர்கள் மேசையில் இது சிரிப்பு. தெரியாத ஆள் தொலைபேசியில் கேட்டால் சிரிக்காதீர்கள்; எண்ணைச் சொல்லவும் சொல்லாதீர்கள்.

இடையில் ஒன்று. 23 என்ற எண் இன்னோரிடத்திலும் வருகிறது. நம்பர் எடுக்கிறவர்களுக்குத் தெரியும்: நாலு நம்பரில் முதல் மூன்று பரிசு, சிறப்புப் பரிசு பத்து, ஆறுதல் பரிசு பத்து; மொத்தம் 23 எண்கள், பத்தாயிரத்தில். கனவில் பாம்பு வந்தது என்று எண் புத்தகம் புரட்டுகிற சித்தப்பா, பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள பிறந்தநாள் பந்தயத்தை ‘ஏமாத்து வேலை’ என்று ஒதுக்குவார். பத்தாயிரத்தில் 23 அவருக்கு நம்பிக்கை தருகிறது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஐம்பது காசு வித்தை. அதற்குக் கணக்கும் வேண்டாம், கைவேகமும் வேண்டாம். காசை மேசையில் வைத்துக் கோப்பையைக் கவிழ்த்து மூட வேண்டும். “கோப்பையைத் தொடாம காசை எடுக்கிறேன், பந்தயம்?” என்பார் வித்தைக்காரர். பிறகு மேசைக்கு அடியில் கையை நுழைப்பார், முகத்தைச் சுளிப்பார், பலகையை இரண்டு தட்டுத் தட்டுவார். “எடுத்தாச்சு.” எதிரில் இருப்பவர் நம்புவாரா? “எங்க, பொய் சொல்றீங்க” என்று கோப்பையைத் தூக்குவார். காசு அங்கேயே இருக்கும். வித்தைக்காரர் அதை அலுங்காமல் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். அவர் கோப்பையைத் தொடவே இல்லை. தொட்டது நீங்கள்.

இந்தச் சின்ன ஆட்டத்துக்குள் பெரிய மோசடிகளின் எலும்புக்கூடு முழுதாக இருக்கிறது. ‘மக்காவ் மோசடி’ என்று நம் நாட்டில் பெயர் பெற்ற தொலைபேசி ஏமாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பவர் காவல் அதிகாரி என்பார், வங்கி என்பார், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது என்பார். உங்கள் கணக்கை அவர் தொடுவதில்லை. கைப்பேசிக்கு வந்த டி.ஏ.சி. எண்ணை வாசித்துச் சொல்பவரும், பணத்தைப் ‘பாதுகாப்பான கணக்குக்கு’ மாற்றுபவரும் நாமே. குறுஞ்செய்தியில் எண் அனுப்பும் முறையிலிருந்து வங்கிகள் வெளியேற வேண்டும் என்று 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா அறிவித்ததற்கும் காரணம் இதுதான். பூட்டு உடையவில்லை, வீட்டுக்காரரே திறந்துவிடுகிறார்.

தமிழ் இதை எப்போதோ கண்டுகொண்டிருக்கிறது. ஏமாற்றுவதற்கு நம்மிடம் உள்ள சொற்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: நாமம் போட்டான், காது குத்தினான், காதில் பூ சுற்றினான், தலையில் மிளகாய் அரைத்தான், மொட்டை அடித்தான். எல்லாம் கழுத்துக்கு மேலே நடக்கும் காரியங்கள். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து, தலையையோ காதையோ நெற்றியையோ நாமே நீட்டிக் கொடுத்தால்தான் இவற்றில் ஒன்றாவது நடக்கும். தலையைக் குனியாதவனுக்கு மொட்டை அடிப்பது எந்த நாவிதராலும் ஆகாது. திருடனைப் பற்றிய சொற்களில் இந்த ஒத்துழைப்பு இல்லை.

வித்தைக்கான சொற்களும் இப்படித்தான். செப்பு என்றால் சிறு கிண்ணம். கிண்ணங்களை மாற்றி மாற்றிக் கவிழ்த்துப் பந்தை மறைக்கிற ஆட்டம்தான் செப்பிடு வித்தை. அது நாளாவட்டத்தில் எல்லாக் கைத்தந்திரத்துக்கும் பெயராகிவிட்டது. கண்கட்டு வித்தை என்றும் சொல்கிறோம். மலாய்க்காரர் சிலாப் மாத்தா என்கிறார், கண்ணின் பிழை என்று பொருள். இரண்டு மொழிகள் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

கிண்ண வித்தை ரோமாபுரியிலும் இருந்தது. தத்துவ அறிஞர் செனெக்கா தம் நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் அதைக் குறிப்பிடுகிறார்: ஏமாறுவதில்தான் எனக்கு இன்பம், எப்படிச் செய்தாய் என்று காட்டிவிட்டால் ஆர்வம் போய்விடும் என்பது அவர் கருத்து. இதை வாசித்தபோது ஒத்துக்கொள்ளத்தான் தோன்றியது. அம்பாங் பெரியவர் கயிற்றை நிமிர்த்தாமல் போயிருந்தால் நான் இரவெல்லாம் யோசித்திருப்பேன், அதுவும் ஒரு சுகம்தான். ஆனால் செனெக்கா வேடிக்கை பார்க்க நின்றவர், காசு வைத்தவர் அல்ல. காசு வைத்தவனுக்கு முடிச்சு அவிழ்ந்தாக வேண்டும். என் பார்வையில் விளையாட்டுக்கும் மோசடிக்கும் நடுவே உள்ள கோடு இங்கேதான் விழுகிறது. விளையாடுகிறவர் தன் தந்திரம் பிடிபட வேண்டும் என்று உள்ளூர ஆசைப்படுகிறார். காட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. மோசடிக்காரருக்குப் பிடிபடுவதுதான் நரகம்.

நடுவில் நிற்கிற ஓர் ஆளும் உண்டு. தமிழ்நாட்டுத் தெருமுனையில் கூட்டம் கூட்டிய மோடி மஸ்தான். பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடப் போகிறேன் என்று அவர் சொல்லாத நாளில்லை. அந்தச் சண்டையைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. கூடை மூடியபடி இருக்கும், கீரி கயிற்றில் சுற்றிச் சுற்றி வரும், கடைசியில் விற்பனையாவது தாயத்து. நம் ஊரில் சவ்கிட்டிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் பாம்பு காட்டி மருந்து விற்றவர்கள் அவருக்குப் பங்காளிகள். இவர்களை மோசடிக்காரர் என்று சொல்ல நாக்கு வரவில்லை, யோக்கியர் என்று சொல்லவும் வரவில்லை. ஒரு மணி நேரக் கதைக்கு ஒரு தாயத்தின் விலை அதிகமில்லை என்று கூட்டத்தில் பாதிப் பேர் தெரிந்தே கொடுத்தார்கள். மீதிப் பாதி, வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு கொடுத்தது. அந்த மீதிப் பாதிக்காகத்தான் நான் தயங்குகிறேன்.

நேர்மையான வித்தைக்காரனுக்கு என்ன கிடைத்தது என்பதையும் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மேடைகளைக் கலக்கிய ‘ராமோ சாமி’, நம் ராமசாமிதான். வாள் விழுங்கினார், பந்துகளை எறிந்து பிடித்தார். 1850இல் அவர் இறந்தபோது அடக்கம் செய்யப் பணமில்லாமல் குடும்பம் பிறரிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது. இதற்கு நேர் எதிர்க் கதை இந்தியக் கயிற்று வித்தை. ஆகாயத்தில் கயிறு நிற்கிறது, பையன் ஏறி மறைகிறான் என்ற செய்தியை 1890இல் சிகாகோ ட்ரிப்யூன் வெளியிட்டது. எழுதியவர் ஜான் வில்கி, புனைபெயரில். சில மாதங்களில் அது கற்பனை என்று பத்திரிகையே ஒத்துக்கொண்டது. மறுப்பை யாரும் படிக்கவில்லை, கயிறு மட்டும் உலகமெல்லாம் ஏறிவிட்டது. அந்த வில்கி 1898இல் அமெரிக்க ரகசியப் பணித் துறையின் தலைவரானார். கள்ள நோட்டைப் பிடிக்கிற துறை அது.

முழு மோசடி எப்படி இருக்கும் என்பதற்கு மூணு சீட்டை விஞ்சிய பாடம் இல்லை. மூன்று சீட்டில் ராணி எது என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். வேடிக்கை பார்க்கும் ஒருவன், ஆட்டக்காரன் திரும்பியிருக்கும் நேரம் பார்த்து ராணிச் சீட்டின் முனையை மெல்ல மடித்துவிட்டு உங்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். இப்போது உங்களுக்கு ரகசியம் தெரியும். முட்டாள் ஆட்டக்காரனை நீங்கள் ஏமாற்றப் போகிறீர்கள். பையில் இருப்பதையெல்லாம் வைக்கிறீர்கள். மடிந்த சீட்டைத் திருப்பினால் அது ராணி இல்லை. மடித்தவன் கூட்டாளி. சீட்டைக் கலைக்கும்போதே மடிப்பை நிமிர்த்தி வேறு சீட்டில் போட்டுவிட்டான் ஆட்டக்காரன். அசடு இங்கே தோற்காது, ஐந்து வெள்ளியோடு விலகிப் போய்விடும். தோற்பவன் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்தவன். எச். வினோத்தின் ‘சதுரங்க வேட்டை’ 2014இல் அத்தனை பேருக்குப் பிடித்துப் போனதற்கு, ஏமாந்தவர்களின் ஆசையை அது கூச்சமில்லாமல் காட்டியதும் ஒரு காரணம். பேராக்கில் 1980களில் பாக் மான் தெலோ என்பவர் நடத்திய மோசடி முதலீட்டுத் திட்டத்தில் பணத்தைக் கொட்டியவர்களும், பிறகு ‘கீறினால் பரிசு’ என்று வந்தவர்களிடம் முன்பணம் கட்டியவர்களும் படிக்காதவர்கள் மட்டும் அல்லர்.

சட்டம் என்ன சொல்கிறது? பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31ஆம் பிரிவு. குதிரைப் பந்தயப் பரிசுக்கு மட்டும் ஒரு விலக்கு. அதாவது நான் கிளாஸ் பந்தயத்தில் தோற்றுவிட்டு ஒரு வெள்ளியைத் தர மாட்டேன் என்று அடம் பிடித்திருந்தால், பெரியவர் எந்த நீதிமன்றப் படியேறியும் வாங்கியிருக்க முடியாது. 1953ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டங்கள் பொது இடத்தில் காசு வைத்து ஆடுவதைக் குற்றமாக்குகின்றன. ஏமாற்றுவது என்றால் குற்றவியல் சட்டத்தின் 415, 420 பிரிவுகள். நேர்மையற்ற நோக்கத்தோடு ஒருவரைத் தூண்டிப் பொருளைப் பெறுவது 420. ஓராண்டிலிருந்து பத்தாண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. தமிழ்ப் படங்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த ‘ஃபோர் ட்வென்டி’ இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் பழங்கதை. புதிய நியாயச் சட்டத்தில் அந்தக் குற்றம் 318ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. மலேசியாவில் 420 இன்னும் உயிரோடு இருக்கிறது. சென்னைக்காரர் வெறும் வசவாகச் சொல்வதை அம்பாங்காரர் சட்டப்படியே சொல்லலாம்.

பந்தய வித்தையைச் சட்டம் அளக்கிற கோல் நோக்கம்தான். கிளாஸை அளந்து காட்டியவர் பொய்யே சொல்லவில்லை. கேள்வி கேட்டார், பதில் சொன்னது நான். பிறந்தநாள் பந்தயத்திலும் பொய் இல்லை. ஐம்பது காசு வித்தையில் மட்டும் ‘எடுத்தாச்சு’ என்றொரு பொய் வருகிறது. அந்தப் பொய்யின் ஆயுள் மூன்று நொடி.

மதத்தின் பதில் இன்னும் கறார். கடைக்காரர் இஸ்லாமியர், அவருக்குச் சூது ஹராம். அம்பாங்கின் ஒரு பகுதி கூட்டரசுப் பிரதேசம், ஒரு பகுதி சிலாங்கூர். இரண்டு பக்கத்து ஷரியா சட்டத்திலும் முஸ்லிம் சூதாடுவது குற்றம். அன்று இரவு மேசையில் இருந்த ஒரு வெள்ளியைப் பார்த்துவிட்டு, ரொட்டி வீசிக்கொண்டிருந்த அண்ணன் “காசு வேணாம் தம்பி, சும்மா விளையாடுங்க” என்றார். அப்போது அதைக் கடை விதி என்று நினைத்தேன். வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். வென்றாலும் வேண்டாம் என்பது அவர் தொடக்கம். கிடைத்த வெற்றி மீன் விழுங்கிய தூண்டில் இரும்பு மாதிரி என்கிறார். சின்னத் தொகையில் ஜெயித்த சுவை எவ்வளவு ஆபத்து என்று வள்ளுவருக்கும் தெரிந்திருக்கிறது, மூணு சீட்டுக்காரனுக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு தரப்பும் ஒரே உண்மையை எதிரெதிர்க் காரியத்துக்குப் பயன்படுத்துகின்றன.

வித்தையைக் கல்வியாக்கிய ஒரு கூட்டமும் நம்மிடையே உண்டு. திருவல்லாவில் 1898இல் பிறந்து இலங்கைக்குப் போன ஆபிரகாம் கோவூர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பாடம் நடத்திய தாவரவியல் ஆசிரியர். ஏமாற்றுக்கு இடமில்லாத சோதனையில் அற்புதம் செய்து காட்டும் சாமியாருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறைகூவல் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் வாங்கிப் போகவில்லை. பந்தயம் என்ற கருவியையே அவர் திருப்பிப் பிடித்தார்: வழக்கமாக வித்தைக்காரன் பந்தயம் கட்டுவான், இங்கே பார்வையாளன் கட்டினான். கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிலிருந்து இயங்கிய பி. பிரேமானந்த் அந்த வேலையைத் தொடர்ந்தார். விபூதி வரவழைப்பதையும் நாக்கில் கற்பூரம் ஏற்றுவதையும் ஊர் ஊராகச் செய்து காட்டிவிட்டு, எப்படிச் செய்தேன் என்பதையும் அங்கேயே விளக்குவார். 2009இல் மறைந்தார்.

அப்படியானால் சின்னச் சின்னதாக ஏமாந்து பழகினால் பெரிய ஏமாற்றிலிருந்து தப்பிக்கலாமா? இது அம்மை குத்துவது போல என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மெக்வயர் 1960களில் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். கேம்பிரிட்ஜில் சாண்டர் வான் டெர் லிண்டனும் ஜான் ரூசன்பீக்கும் 2018இல் ‘பேட் நியூஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதில் ஆடுபவரே பொய்ச் செய்தி தயாரிப்பவர். ஆடியவர்களுக்குப் பொய்யை இனங்காணும் திறன் கூடியது. ஆனால் ஊசியைப் போலவே நாளானால் வேகம் குறைகிறது, மறுபடி குத்த வேண்டியிருக்கிறது.

எனக்கு இதில் அரை நம்பிக்கைதான். பத்து வித்தை தெரிந்தவர் பதினோராவதும் தெரியும் என்று நினைத்துக்கொள்வார், மூணு சீட்டுக்காரன் காத்திருப்பது அவருக்காகத்தான். வித்தையைக் கற்பது போதாது. தோற்ற கணத்தில் நமக்குள் என்ன நடந்தது என்று திரும்பிப் பார்த்தால்தான் ஊசி உள்ளே இறங்கும். கிளாஸைப் பெட்டி மேல் வைத்தபோது நான் சிரித்தேனே, அந்தச் சிரிப்பு. ‘இந்த மனுஷனுக்கு ஒண்ணும் தெரியல’ என்ற அந்த ஒரு நொடிப் பெருமை. ‘உங்களுக்கு மட்டும் இந்தச் சலுகை’ என்று குறுஞ்செய்தி வரும்போது உள்ளே எழுவதும் அதே பெருமைதான்.

ஆகவே வித்தை காட்ட விரும்புகிறவர்களுக்கு என் தரப்பிலிருந்து சில வார்த்தை. தேநீர் விலையைத் தாண்டிப் பந்தயம் வேண்டாம். மேசையில் இருப்பவர்களில் யாரிடம் காசு குறைவோ அவரிடம் ஆடவே வேண்டாம். அடையாள அட்டையைக் கடை முழுக்கக் கேட்கும்படி வாசிக்க வேண்டாம். தோற்றவர் கேட்காமலே முடிச்சை அவிழ்த்துக் காட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த மேசையில் அவர் அதை வேறு யாருக்கோ அரைகுறையாகச் செய்வார். உண்மையிலேயே வங்கிப் பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்: காவல் துறையும் பேங்க் நெகாராவும் சேர்ந்து 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் 997. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை மறிக்க வழி உண்டு.

இன்னொன்று. யாராவது பல்குச்சிகளைப் பரப்பி “நீங்களே முதல்ல எடுங்கண்ணே” என்றால் முதலில் எண்ணிப் பாருங்கள். நான்கால் வகுத்து ஒன்று மிஞ்சினால், “இல்லலா, நீங்க எடுங்க” என்று சொல்லுங்கள்.